பழைய ஃபோர்-வீல் வாங்கும் முன்: கூடாரத்துக்கும் வேண்டும், வேலைக்கும் வேண்டும்

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டிய பாதை சிங்கப்பூரில் கிடையாது. ஃபோர்-வீல் தேடும் குடும்பம் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கிலும் பாசிர் ரிஸ் பார்க்கிலும் அனுமதி வாங்கிக் கூடாரம் அடிக்கலாம். ஆனால் வண்டி தார் போட்ட நிறுத்துமிடத்தோடு சரி, சாமானைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். செம்மண்ணும் ஆற்றோரமும் ஈர மணலும் கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் போன பிறகுதான் வரும். அதனால் எந்த வண்டி என்று கேட்பதற்கு முன் எந்தப் பாதை என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் விலையும் சாலை வரியும் பட்டறைச் செலவும் அந்தப் பதிலைப் பொறுத்துப் பாதியாகலாம், இரட்டிப்பாகலாம்.

கோத்தா திங்கி அருவிப் பக்கம், தஞ்சோங் பாலாவ் கடற்கரை, குனோங் லேடாங் அடிவாரம் ஆகிய இடங்களுக்குக் கடைசிவரை தார்ச் சாலை இருக்கிறது. சாதாரணக் காரே போதும். ஜன்டா பாய்க் பக்கத்து ஆற்றோர முகாம்கள், குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் இருக்கும் இடங்கள் அடுத்த படி. காய்ந்த நாளில் எந்தக் காரும் போய்விடும். ஒரு மணி நேரம் மழை பெய்தால் செம்மண் வழவழத்துப்போய், முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி சிறு மேட்டில்கூட நின்ற இடத்திலேயே சுற்றும். மூன்றாவது வகை, காஹாங்கிலிருந்து எண்டாவ்-ரொம்பினின் பெத்தா நுழைவாயிலுக்குப் போகும் சுமார் 56 கிலோமீட்டர் போன்ற பாதைகள். லாரித் தடம் ஆழமாக விழுந்திருக்கும், நடுவில் மண் மேடாகி நிற்கும், இடையில் உதவிக்கு ஆள் வர நேரமாகும். இங்கேதான் லோ ரேஞ்ச் கியரும் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்) அடிப்பாக உயரமும் நிஜமாகவே தேவைப்படுகின்றன.

நாம் பார்க்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகைப் பாதையோடு நின்றுவிடுகின்றன. வருடத்தில் சில வார இறுதிகள் அங்கே, மற்ற நாளெல்லாம் பிஐஇ விரைவுச்சாலையும் பள்ளிக்கூட வாசலும். அவர்களுக்கு நல்ல டயர் போட்ட, 20 சென்டிமீட்டருக்கு மேல் அடி உயரம் உள்ள ஆல்-வீல் டிரைவ் வண்டி தாராளமாகப் போதும். பெரிய பெயர் உள்ள, களைத்துப்போன வண்டியைவிடச் சின்னப் பெயர் உள்ள, ஒழுங்காகப் பராமரித்த வண்டி மேல். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே இருக்கும்.

நான்கு சக்கரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல

சுசுகியின் சின்ன வண்டியான ஜிம்னியில் இருப்பது பார்ட்-டைம் முறை. சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4எச் (நான்கு சக்கர இழுவை) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் இறுகிப் பிணையும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தாரில் வழுக்க முடியாது. முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இரு அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) ஷாஃப்டிலும் ஏறும், ஸ்டியரிங் கனக்கும், சில சமயம் கியரை 2எச்-க்கு (இரு சக்கர இழுவை) திருப்பவே முடியாது. ஆகவே நம் ஊர் மழையில் பிடிப்புக்காக 4எச் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டலாம் என்ற எண்ணத்தோடு ஜிம்னி வாங்கக் கூடாது.

டொயோட்டா பிராடோவும் பழைய சுசுகி கிராண்ட் விட்டாராவும் ஃபுல்-டைம். நடு டிஃபரன்ஷியல் இருப்பதால் எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும், சேற்றில் அதைப் பூட்டலாம், லோ ரேஞ்சும் உண்டு. மிட்சுபிஷி பஜேரோவின் சூப்பர் செலக்ட் முறை இரண்டையும் தரும்: 2எச்-இல் எரிபொருள் சேமிக்கலாம், பூட்டாத 4எச்-இல் ஈரத் தாரில் தைரியமாக ஓட்டலாம், பூட்டியும் ஓட்டலாம், லோவும் போடலாம். தினசரி ஓட்டத்துக்கும் காட்டுக்கும் ஒரே வண்டி என்றால், அமைப்பளவில் இதைவிடப் பொருத்தமானது பழைய சந்தையில் அபூர்வம்.

ஃபோரெஸ்டர், எக்ஸ்-டிரெயில், சிஆர்-வி, ஆர்ஏவி4 ஆகியவை ஆல்-வீல் டிரைவ். லோ ரேஞ்ச் இல்லை. பின்சக்கரத்துக்குப் போகும் விசையை ஒரு கிளட்ச் கட்டுப்படுத்துகிறது. ஃபோரெஸ்டரில் அது கியர்பாக்ஸின் பின்பகுதியிலேயே இருக்கிறது, பின்சக்கரத்துக்கு எப்போதும் ஓரளவு விசை போகும். மற்றவற்றில் முன்சக்கரம் வழுக்கும்போதோ வழுக்கப்போவதைக் கணினி ஊகிக்கும்போதோதான் பின்பக்கம் சேரும். செம்மண் மேட்டில் இந்தச் சிறு தாமதம் தெரியும். எக்ஸ்-டிரெயிலின் லாக் பொத்தானும் ஃபோரெஸ்டரின் எக்ஸ்-மோடும் அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான். இரண்டும் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள்தான் வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்-டிரெயில், சிஆர்-வி, ஹேரியர் போன்ற பெயர்களில் முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள் சிங்கப்பூரில் ஏராளம். விளம்பரத்தில் எஸ்யூவி என்றுதான் போடுவார்கள். பின்பம்பருக்கு அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே தேங்காய் அளவில் டிஃபரன்ஷியல் உருண்டையும், அதற்கு முன்னாலிருந்து வரும் நீளமான ஷாஃப்டும் இருந்தால்தான் நான்கு சக்கர வண்டி. கதவில் ஒட்டிய எழுத்தை நம்ப வேண்டாம்.

குடும்பத்துக்கு எது ஒத்துவரும்

நான்கு பேர், ஒரு கூடாரம், ஒரு அடுப்பு, ஒரு குளிர்பெட்டி என்று கணக்குப் போட்டால் ஜிம்னி விழுந்துவிடும். புதிய ஜிம்னியில் நான்கு இருக்கைகளும் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் மிஞ்சும் இடம் 85 லிட்டர்தான். நான்கு பேரும் ஏறினாலே அது தாங்கும் எடையில் பெரும்பகுதி முடிந்துவிடும். கணவன், மனைவி, ஒரு சின்னக் குழந்தை என்றால் பின் இருக்கையை மடித்துச் சமாளிக்கலாம். 1,462 சிசி என்பதால் சாலை வரி குறைவு, சிஓஇ-யும் (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு. பழைய ஜேபி43 ஜிம்னி பார்த்தால் மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் பள்ளத்தில் ஏறியதும் ஸ்டியரிங் பயங்கரமாக ஆடுகிறதா என்று கவனியுங்கள். முன் அச்சின் கிங்பின் பேரிங் தேய்ந்ததன் அடையாளம் அது. ஸ்டியரிங் டாம்பர் மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆட்டம் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

ஃபோரெஸ்டர்தான் இந்த ஊர்க் குடும்பத்துக்கு நாம் முதலில் கைகாட்டும் வண்டி. 22 சென்டிமீட்டர் அடி உயரம், சதுரமான பின்பெட்டி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடத்தில் சிரமமில்லாத அகலம். பழுதுபார்க்கத் தெரிந்த பட்டறைகளும் இங்கே நிறைய. 2011-14 காலத்து எஃப்பி எஞ்சின்களில் சில ஆயில் குடிக்கும். எஞ்சின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். கடைசி சர்வீஸ் முடிந்து சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் அளவு கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் விலை பேசாமல் விலகலாம். டைமிங் கவர் ஓரத்திலும் கேம் கேரியரிலும் ஆயில் கசிவு சகஜம். அதை நிறுத்த எஞ்சினை இறக்க வேண்டிவரலாம், அதனால் கசிவைச் சின்ன விஷயமாகக் கணக்கிடாதீர்கள். பின்சக்கர பேரிங் 60-இலிருந்து 80 வரை சீரான உறுமலாகக் கேட்கும். டயர் சத்தம் என்று சொன்னால், சாலைப் பரப்பு மாறும்போது சத்தமும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் பேரிங்தான்.

எக்ஸ்-டிரெயில் டி32-இல் கவனம் முழுக்க சிவிடி கியர்பாக்ஸில் (படிகள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் கியர்) இருக்கட்டும். மெதுவாக நகரும்போது வண்டி நடுங்குகிறதா, மேட்டில் கொஞ்ச நேரம் ஏறிய பிறகு வேகம் தானாக மட்டுப்படுகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த வண்டியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து எதுவும் தெரியாது. சிவிடி உள்ள எந்த வண்டியையும் குறைந்தது இருபது, முப்பது நிமிடம் ஓட்டி, சூடேறிய பிறகு பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் நிறுத்தி நிறுத்தி ஏற்றிப் பார்க்க வேண்டும். சிவிடி எண்ணெய் ஆயுள் முழுக்கத் தாங்கும் என்று யார் சொன்னாலும், நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியதற்கு ரசீது இருக்கும் வண்டியையே தேடுங்கள்.

பிராடோ 2.7 எளிதில் சாகாத எஞ்சின், இரண்டு டன்னைத் தாண்டும் வண்டிக்குக் கொஞ்சம் பலம் போதாத எஞ்சினும்கூட. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகத் தெரிந்தவருக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் புரொப்பல்லர் ஷாஃப்டில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும். பல வருடம் யாரும் தொடாமல் விட்டிருந்தால், நின்ற வண்டி நகரும்போது அடியில் ‘டொக்’ என்று ஓர் அடி கேட்கும். பெரும்பாலும் கிரீஸ் அடித்தாலே போகும். பெரிய செலவு பிரேக்கில் இருக்கிறது. மின் பம்பில் ஓடும் பிரேக் பூஸ்டர் உள்ள வகைகளில், சாவியை ஆன் செய்து பிரேக்கை இருபது, முப்பது முறை மிதித்துவிட்டுப் பம்ப் சத்தத்தைக் கேளுங்கள். அரை நிமிடத்தை ஒட்டி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலும், ஒரே மிதிக்கு மறுபடி மறுபடி ஓடினாலும் பல ஆயிரம் வெள்ளி வேலை காத்திருக்கிறது.

பஜேரோவில் நடு டிஃபரன்ஷியல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸின் சுவிட்சோ வாக்குவம் சோலினாய்டோ பழுதாகியிருக்கலாம். சின்னப் பாகம்தான், ஆனால் சரிசெய்யாமல் வாங்கினால் லோ ரேஞ்ச் இருந்தும் பயனில்லை. பின்கதவைத் திறந்து கையால் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியின் எடையைப் பல வருடம் சுமந்த கீல் தளர்ந்திருந்தால் கதவு மேலும் கீழும் ஆடும்.

கிராண்ட் விட்டாரா 2.0-ஐப் பலர் மறந்துவிட்டார்கள், நமக்கு அது நல்லதுதான். லோ ரேஞ்ச் உள்ள, நிறுத்துமிடத்தில் அடங்கும், விலையில் கைக்கு எட்டும் வண்டி. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது டைமிங் செயின் கடகடக்கும். அதனால் விற்பவர் முன்கூட்டியே வண்டியைச் சூடாக்கி வைக்காதபடி, காலையில் போய்ப் பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். மற்ற எல்லா வண்டிக்கும் இதே வழக்கம் நல்லது.

விலைப் பலகையில் இல்லாத கணக்கு

இங்கே வண்டியின் விலை என்பது பாதி இரும்பு, பாதி காகிதம். பத்து வருடம் முடியாத வண்டி என்றால் விலையிலிருந்து பார்ஃப் தள்ளுபடியை (பதிவை ரத்து செய்யும்போது அரசு திருப்பித் தரும் தொகை) கழித்து, மிஞ்சிய சிஓஇ ஆண்டுகளால் வகுங்கள். 60,000 வெள்ளி விலை, 10,000 வெள்ளி பார்ஃப், நான்கு வருடம் பாக்கி என்றால் ஆண்டுத் தேய்மானம் 12,500 வெள்ளி. இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் வண்டிகளை ஒப்பிட வேண்டும். பார்ஃப் தொகையும் சிஓஇ முடியும் நாளும் எத்தனை கை மாறியது என்பதும் பதிவு விவரங்களில் இருக்கும். விற்பவரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சிஓஇ புதுப்பித்த வண்டிக்குப் பார்ஃப் கிடையாது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் அதற்குப் பிறகு இன்னொரு முறை புதுப்பிக்க முடியாது. பதிவை ரத்து செய்தே ஆக வேண்டும். பத்து வருடத்துக்குப் புதுப்பித்தால் அந்தத் தடை இல்லை. லோ ரேஞ்ச் உள்ள பழைய வண்டிகள் பெரும்பாலும் இந்த ரகத்தில்தான் கிடைக்கும், காரணமும் எளிது: பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்ட ஊரில் புதிய பெரிய வண்டி எடுப்பவர் குறைவு.

சாலை வரியை எஞ்சின் கொள்ளளவு தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு, ஜிம்னி 1.5-க்கு ஏறத்தாழ 660 வெள்ளி, ஃபோரெஸ்டர் 2.0-க்கு 1,200, பிராடோ 2.7-க்கு 2,030, பிராடோ 4.0-க்கு 3,880. வண்டிக்குப் பத்து வயது தாண்டியதும் இதன்மேல் 10 விழுக்காடு கூடும். ஒவ்வொரு வருடமும் இன்னொரு 10 ஏறி, பதினான்கு வயது தாண்டும்போது 50 விழுக்காட்டில் நிற்கும். அப்போது பிராடோ 4.0-இன் சாலை வரி மட்டும் 5,800 வெள்ளியைத் தாண்டும். டீசல் வண்டிக்குத் தனியாகச் சிறப்பு வரியும் உண்டு. எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாம் என்று டீசல் தேடுபவர்கள் இதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கட்டாய ஆய்வு மூன்று வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பத்து வயதுக்குமேல் ஆண்டுதோறும்.

கடன் வாங்குபவருக்கு: ஓஎம்வி (திறந்த சந்தை மதிப்பு) 20,000 வெள்ளி வரை உள்ள வண்டிக்கு விலையில் 70 விழுக்காடு, அதற்கு மேல் 60 விழுக்காடு. அதிகபட்சம் ஏழு வருடம். சிஓஇ மூன்று வருடம்தான் பாக்கி என்றால் கடனும் அதற்குள் முடிய வேண்டியிருக்கும், மாதத் தவணை அதற்கேற்ப எகிறும்.

ஹைலக்ஸ் போன்ற பிக்அப் வண்டிகள் சரக்கு வாகனமாகப் பதிவாகின்றன. வேக வரம்பும் ஏற்றக்கூடிய ஆட்கள் பற்றிய விதிகளும் வேறு. குடும்ப வண்டியாக அதை யோசிக்க வேண்டாம்.

உயரத்தை அளந்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்

வண்டி வாங்கிய பிறகு வருத்தப்படுபவர்களில் பலருக்குக் காரணம் எஞ்சின் அல்ல, நிறுத்துமிடம். உங்கள் புளோக்கின் பலமாடி நிறுத்துமிட வாசலில் தொங்கும் உயரப் பலகையைப் படியுங்கள், அலுவலக நிறுத்துமிடத்தையும் பாருங்கள். பல இடங்களில் வரம்பு 2 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பிராடோவும் பஜேரோவும் வெறுமனே நின்றாலே 1.85 முதல் 1.9 மீட்டர் உயரம். மேலே கூரைக் கம்பியும், மூடிய நிலையில் 25, 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள கூரைக் கூடாரமும் ஏற்றினால் வீட்டுக்கே போக முடியாது. ஃபோரெஸ்டர் 1.73 மீட்டரைச் சுற்றி இருந்தாலும் கூடாரத்தோடு வரம்பை உரசும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஏற்றி இறக்க, 50, 60 கிலோ பொருளை வைக்க வீட்டில் இடமும் தூக்க ஆளும் வேண்டும். வீவக வீட்டில் வாழும் குடும்பத்துக்குத் தரைக் கூடாரமே சரி என்பதுதான் நம் முடிவு.

கூரைக்கு இரண்டு எடை வரம்புகள் உண்டு. வண்டி ஓடும்போது எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருக்கும். ஜிம்னிக்கு வெறும் 30 கிலோ. கூரைக் கம்பியின் எடையும் அந்தக் கணக்கில் அடக்கம். வண்டி நிற்கும்போது தாங்குவது இதைவிடப் பலமடங்கு, ஆனால் காட்டுப் பாதையில் குலுங்கும்போது முதல் எண்தான் பேசும். மேலே எடை ஏற ஏற வளைவில் சாய்வும் கூடும்.

ஒரு நிறுத்தக் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். கிட்டத்தட்ட 1.9 மீட்டர் அகலமுள்ள பிராடோ நடுவில் நின்றால் இருபுறமும் கால் மீட்டர்தான் மிஞ்சும். குழந்தையைக் கார் இருக்கையில் வைத்துப் பட்டை மாட்ட அந்த இடைவெளியில் முடிகிறதா? 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த இருக்கை சட்டப்படி கட்டாயம். வண்டி பார்க்கப் போகும்போது உங்கள் குழந்தை இருக்கையையும் கூடாரப் பையையும் எடுத்துப்போய் உள்ளே வைத்தே பாருங்கள். ஏழு இருக்கை வண்டியில் மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் சாமான் இடம் ஒரு பை அளவுக்குச் சுருங்கிவிடும்.

மாற்றியமைத்த வண்டி என்றால் இன்னொரு கேள்வி. உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர், முன் இரும்புக் கம்பி, மாற்றிய சைலன்சர் எதுவானாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிக்கு உட்பட்டதா, ஒப்புதல் தேவைப்பட்டால் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் பழைய பாகங்களைத் திரும்ப மாட்டும் செலவு உங்கள் தலையில் விழும்.

அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை

நம் ஊரில் சாலையில் உப்புத் தூவுவதில்லை, ஆகவே கடுந்துரு குறைவு. ஆனால் மலேசியக் கிழக்குக் கரையில் மணலில் ஓடி, கழுவாமல் விட்ட வண்டிகள் உண்டு. சேஸி இரும்பின் உட்புறத்தில் விரல் விட்டு மணல் வருகிறதா என்று பாருங்கள். பின் சஸ்பென்ஷன் கை சேரும் இடம், எரிபொருள் தொட்டியின் பட்டை, பிரேக் குழாய் ஆகியவற்றில் துரு எளிதில் தெரியும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தண்ணீரில் இறங்கிய வண்டியைக் கண்டுபிடிக்க டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்ப்பதே சிறந்த வழி. முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ்ப்பிளக்கைத் தொட வேண்டும். மேலது இறுகிப்போயிருந்தால் எண்ணெயை வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வழியின்றி நிற்பீர்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஆற்று நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிளக்கின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. நகம் அளவு உலோகத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. வெள்ளத்தில் மாட்டிய வண்டிக்கு இன்னொரு சோதனை: சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள், சேற்றுக் கறை கோடாகத் தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் துருவும் சாட்சி சொல்லும்.

லோ ரேஞ்ச் இருந்தால் அதைப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, 4எல் போடுங்கள். விளக்கு மினுக்கிவிட்டு நிலையாக எரிய வேண்டும். நேர்கோட்டில் சில மீட்டர் ஊர்ந்துவிட்டுத் திரும்ப எடுங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத நெம்புகோலும் மோட்டாரும் இறுகியிருக்கும். ஆல்-வீல் வண்டியை ஆளில்லாத நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். விட்டுவிட்டுக் குலுங்கினால், யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தால், கிளட்ச் தேய்ந்திருக்கலாம், அல்லது நான்கு டயரும் ஒரே தேய்மானத்தில் இல்லை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம் செய்தது. முன்னால் ஒரு வருடம், பின்னால் ஒரு வருடம் என்று கலந்திருந்தால் அந்த வண்டியின் கிளட்ச் எவ்வளவு காலம் வீணாக உராய்ந்துகொண்டிருந்ததோ என்று யோசிக்க வேண்டும்.

பிறகு, உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி நெரிசலை நினைத்து ஒரு சோதனை. ஏசியை முழு வேகத்தில் வைத்து வண்டியை இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். வெப்பமானி நடுவிலிருந்து நகரக் கூடாது, ஏசி குளிர் குறையக் கூடாது. ரேடியேட்டர் இதழ்களில் செம்மண் அப்பியிருந்தாலும் விசிறி மோட்டார் தளர்ந்திருந்தாலும் இங்கேதான் தெரியும்.

இவ்வளவும் தேறிய வண்டியையும் விகாம், எஸ்டிஏ போன்ற மையத்தில் வாங்குமுன் ஆய்வுக்கு அனுப்புங்கள். முன்பணம் கொடுக்கும்போதே ‘ஆய்வில் தேறாவிட்டால் முன்பணம் திரும்பும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் விற்பனையாளரிடம் வாங்கும் பழைய வண்டிக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

வாங்கிய முதல் மாதம்

எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல், கூலண்ட், பிரேக் எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், முந்தையவர் மாற்றியதாகச் சொன்னாலும். அன்றைய தேதியும் கிலோமீட்டரும் எழுதிவைத்தால் அதற்குப் பிறகு எல்லாம் உங்கள் கணக்கு.

டயர் விஷயத்தில் நிதானம் வேண்டும். முரட்டுப் பற்கள் உள்ள மட்-டெரெயின் டயர் பார்க்க அழகு. கொட்டும் மழையில் பிஐஇ-யில் பிரேக் மிதிக்கும்போது அது சாதாரணச் சாலை டயரைவிடத் தள்ளிப் போய்த்தான் நிற்கும். பிள்ளைகள் தினமும் ஏறும் வண்டிக்கு அது வேண்டாம். மிதமான ஆல்-டெரெயின் டயர் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஸ்டெப்னி முழு அளவா, சின்னத் தற்காலிகச் சக்கரமா, வெறும் பஞ்சர் பசையா என்று பாருங்கள். தோட்டப் பாதையில் செம்பனை மட்டையின் முள் பக்கச் சுவரைக் கிழித்தால் பசையால் ஒன்றும் ஆகாது.

பிடிப்புக்கு மிக மலிவான வழி காற்றைக் குறைப்பது. தாரில் 33 பிஎஸ்ஐ என்றால் கரடான மண்ணில் 25, சேற்றிலும் மணலிலும் 18 முதல் 20. பதினைந்துக்குக் கீழே இறக்கினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். காற்று குறைந்த டயரில் 40-ஐத் தாண்டாமல் ஓட்டி, தார் வந்ததும் நிரப்பிவிட வேண்டும். பம்பை நேராக பேட்டரியில் கவ்வும் வகையாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பெரிய பம்ப் ஃபியூஸைக் கருக்கும். குளிர்பெட்டிக்கு இரண்டாவது பேட்டரி கட்டி வயர் இழுக்கத் தேவையில்லை. ஓர் இரவுக்கு 500 வாட்-அவர் கொள்ளளவுள்ள கையடக்க மின்கலம் போதும், வண்டியின் மின்சாரத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டும் காகிதங்களில் மலேசியாவின் விஇபி-யை (வாகன நுழைவு அனுமதி) முன்கூட்டியே முடியுங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். பழைய உரிமையாளரின் பதிவு உங்களுக்குத் தானாக மாறாது. அவர் தன் கணக்கிலிருந்து வண்டியை நீக்கினால்தான் நீங்கள் பதிய முடியும். விலை பேசும்போதே இதை நிபந்தனையாக வையுங்கள். புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், அங்கே போட்டால் ரான்97 ரகப் பெட்ரோல். காப்பீட்டில் மேற்கு மலேசியா பெரும்பாலும் அடங்கும், ஆனால் சாலையல்லாத இடத்தில் நேரும் சேதத்தை விலக்கும் வரி இருக்கிறதா, இழுவைச் சேவை மலேசியாவில் எதுவரை வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வண்டிக்குள் ஓர் இழுவைப் பட்டையும் தாங்கும் எடை பொறித்த இரண்டு ஷேக்கிளும் (பட்டையைக் கோக்கும் இரும்பு வளையம்) இருக்கட்டும். வண்டிக்கு அடியில் தெரியும் மெல்லிய வளையங்கள் கப்பலில் கட்டிவைப்பதற்கானவை, சேற்றிலிருந்து இழுப்பதற்கானவை அல்ல. டிரெய்லர் மாட்டும் உருண்டையிலும் பட்டையை ஒருபோதும் கோக்காதீர்கள், அது முறிந்தால் குண்டாகப் பாயும். எங்கே கோக்க வேண்டும் என்று கையேட்டில் பார்த்து, சிங்கப்பூரிலேயே ஒருமுறை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். இழுக்கும்போது பிள்ளைகளைப் பட்டையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிறுத்துங்கள்.